வைகை அணை மீன் பண்ணைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பறவை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். ஆமை கரையில் முட்டையைப் புதைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய், நினைத்துக்கொண்டே இருந்து பொரிக்கும். மீன் திரும்பிப் பார்த்தாலே போதும், முட்டை பொரிந்துவிடும். மதுரைப் பக்கம் வளர்ந்தவர்கள் யாராவது ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். எனக்குச் சொன்னது அப்பத்தா. “அதனாலதான் ஆத்தா பேரு மீனாட்சி. கண்ணாலேயே காப்பாத்துறவ” என்று முடிப்பார்.

இந்தக் கதை மண்டையில் இருந்ததால், முதன்முதலில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணைக்குப் போனபோது அங்கே வேலை செய்த அண்ணனிடம், “தாய் மீன் எங்கண்ணே இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “தாய் மீனை அப்பவே பிடிச்சு வேற தொட்டில விட்டாச்சு தம்பி. ராத்திரி பூரா முட்டையைப் பாத்துக்கிட்டு இருந்தது நாங்கதான்.”

அந்த ஒரு பதிலுக்காகவே நான் அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன். போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்ன எதிர்பார்க்கலாம், என்ன கூடாது

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்பியர்ஃபிஷ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ட்ரவுட் மீனே இல்லாத அந்த மலைப்பகுதி ஓடைகளில் அதைக் கொண்டுவந்து விடுவதற்காக 1896இல் அங்கே அரசாங்கம் ஒரு மீன் குஞ்சுப் பண்ணை தொடங்கியது. இன்றைக்கு அந்த இடம் அருங்காட்சியகம். பண்ணை அதிகாரி குடியிருந்த 1905ஆம் ஆண்டு வீடு, மீன் குஞ்சுகளை ஊர் ஊராக ஏற்றிப்போன ரயில் பெட்டியின் மாதிரி, தண்ணீருக்கு அடியில் மீனைப் பார்க்கக் கண்ணாடி ஜன்னல் என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. வைகை அணையில் இருப்பது அரசு மீன் விதைப் பண்ணை; விதை என்றால் மீன் குஞ்சுதான். மஞ்சளாறு அணையிலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் வேலை நடக்கிற இடங்கள். விளக்கப் பலகையோ வழிகாட்டியோ இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கண்ணில் படுவது சிமென்ட் தொட்டி, மண் குளம், தண்ணீர்க் குழாய், காய்கிற வலை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஆட்கள். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும், தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கிற சமாசாரம் இங்கே கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது, அதற்கு எழுதி வைக்கிற சீட்டை மட்டும் நாம் மனதில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஜாடியில் போட்ட மீனும் பெயர்ச்சீட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் வழிதான். அது கடல் மீன் கதை. நாம் பேசுவது கண்மாய் மீன்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் ஊர் மார்க்கெட்டில் தினமும் கிடைப்பவை. மூன்றும் கெண்டை இனம், வடக்கத்தி மீன்கள், கங்கைச் சமவெளிக்காரர்கள். இவற்றுக்கு ஒரு குணம். குளத்தில் விட்டால் நன்றாக வளரும், வயிற்றில் சினையும் கட்டும், ஆனால் முட்டை மட்டும் இடாது. ஆற்றில் புதுவெள்ளம் வந்து தண்ணீர் புரண்டு ஓடினால்தான் இடும். அதனால் அந்தக் காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டி அள்ள வேண்டும். அதில் கட்லாவும் இருக்கும், கட்லாவைத் தின்கிற மீனின் குஞ்சும் இருக்கும். அப்படி அள்ளியதை வங்காளத்தில் மண்பானையில் ஊற்றி ரயிலில் கொண்டுபோவார்கள். வழி நெடுக ஓர் ஆள் பானையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்டுவதை நிறுத்தினால் தண்ணீரில் காற்று குறைந்து குஞ்சு செத்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது 1957. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். முற்றிய மீனின் தலையைத் திறந்து, மூளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றை இன்னொரு மீனுக்கு ஏற்றுவது. கடுகளவு சமாசாரம்தான், ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்ததாக மீனின் உடம்பை நம்ப வைத்துவிடும். இன்றைக்கும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் தினம். இரண்டு ஆண்டு கழித்து, 1959 ஜனவரியில், வைகை அணை திறக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆனால் இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் விடுவதற்குக் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றை நம்பியிருக்க வேண்டாம் என்ற நிலை வந்த நேரமும் அதுதான்.

இதற்கு முன்னாலும் மதராஸ் மாகாணத்தில் மீன் வேலை நடக்காமல் இல்லை. 1907இல் பிரெடெரிக் நிக்கல்சன் மீன்வளத்துக்கென்று தனியாக வேலையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டுதான் நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காக ட்ரவுட் பொரிப்பகம் வந்தது. கண்மாய்க்காரனுக்கு மீன் விட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக வர இன்னும் நெடுநாள் ஆயிற்று.

எப்போது போவது

நான் முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். பள்ளிக்கூட லீவு ஆயிற்றே என்று அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு சித்திரை மாதம் ஒரு பண்ணைக்குப் போனேன். குளங்கள் எல்லாம் காய்ந்து, அடிமண் ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகுதான் தெரிந்தது, அது வறட்சி இல்லை, வேண்டுமென்றே காய விட்டது. வெயில் பட்டால் சேற்றில் இருக்கும் கெட்ட வாயு போகும், ஒளிந்திருக்கும் விராலும் கெளுத்தியும் பூச்சிகளும் சாகும். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அல்ல.

ஆனி, ஆடியில் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை போகலாம். தேதியைவிட முக்கியம் ஒரு கேள்வி. பண்ணைக்குப் போன் செய்து, “எப்போது ஊசி போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். வழக்கமாகச் சாயங்காலம் ஊசி போடுவார்கள், ராத்திரி மீன் முட்டையிடும், மறுநாள் காலையில் பொரிப்புத் தொட்டி முழுக்க முட்டை சுழன்றுகொண்டிருக்கும். நீங்கள் போக வேண்டியது அந்த மறுநாள் காலை. ஒன்பது மணிக்கு அங்கே இருந்தால் நல்லது. மூன்று நாள் தள்ளிப் போனால் முட்டைக்குப் பதில் குஞ்சைப் பார்க்கலாம், அதுவும் மோசமில்லை. ஊசி போடாத வாரத்தில் போனால் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அனுமதி

நேரே போய்க் கதவைத் தட்டுவது மரியாதையும் இல்லை, பலனும் இருக்காது. மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் மாவட்ட உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். ஒரு குடும்பம், நான்கு பேர் என்றால் வாயால் கேட்டுக்கொள்ளலாம். பள்ளி, கல்லூரி என்று பெருங்கூட்டமாகப் போவதானால் கடிதம் கொடுப்பதுதான் முறை. எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணி, கூட வரும் பெரியவர்கள் எத்தனை பேர், இந்த நான்கும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். “மாணவர்களின் அறிவுப்பசிக்கு” என்றெல்லாம் நீட்ட வேண்டாம். ‘குஞ்சு பொரிப்பைப் பார்க்க விரும்புகிறோம், வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தை நீங்களே சொல்லுங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கடைசி வரிக்கு நல்ல மதிப்பு உண்டு.

குஞ்சு வாங்க வருகிற விவசாயிகளோடு சேர்ந்து போவது இன்னும் சுலபம். உங்கள் சொந்தக்காரர் யாராவது கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருந்தாலோ பண்ணைக்குட்டை வெட்டியிருந்தாலோ, அவர் குஞ்சு எடுக்கப் போகும் நாளில் வண்டியில் தொற்றிக்கொள்ளுங்கள்.

வழி

மதுரையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் தேனி பஸ் ஏறினால் செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய் தாண்டி ஆண்டிபட்டி. அங்கே இறங்கி அணைக்குப் போகும் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ரயிலும் உண்டு. அகலப்பாதை ஆன பிறகு 2022இல் தேனி வரை மறுபடி ஓடத் தொடங்கிய மதுரை ரயில் ஆண்டிபட்டியில் நிற்கும். ஆனால் காலை ஒன்பதுக்குப் பண்ணையில் இருக்க வேண்டுமென்றால் விடியற்காலை பஸ்தான் தோது. உசிலம்பட்டியில் பஸ் நின்றால் டீயை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: தொப்பி அல்லது துண்டு, குடிதண்ணீர், வழுக்காத செருப்பு, ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளைத் தட்டு ஒன்று. தட்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கையில் கொசுத்தைலமோ சானிடைசரோ தடவிக்கொண்டு தொட்டித் தண்ணீரைத் தொடாதீர்கள். பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது, நேற்றுப் பொரித்த குஞ்சு அப்படியில்லை.

உள்ளே போனதும்

பண்ணைக்குப் பண்ணை அமைப்பு மாறும், வேலையின் வரிசை மாறாது. அந்த வரிசையிலேயே பார்த்தால் குழப்பம் வராது. முதலில் தாய் மீன் குளம்.

அங்கே யாராவது மீன் பிடித்துக் காட்டினால் வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், தண்ணீரின் மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகுவின் வாய் நேராக, உதடு கொஞ்சம் சுருக்கம் விழுந்த மாதிரி இருக்கும், நடுத்தண்ணீர்க்காரன். மிர்காலின் வாய் கீழே பார்க்கும், அடிமண்ணைத் துழாவும். ஒரே குளத்தில் மூன்றையும் சேர்த்து விடுவதற்குக் காரணம் இதுதான். ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைக்காது. இதைத் தெரிந்துகொண்டவர்களை மீன் மார்க்கெட்டில் யாரும் ரோகு என்று சொல்லி மிர்கால் விற்று ஏமாற்ற முடியாது.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் அங்கேதான். சினை முற்றிய பெண் மீனுக்கு வயிறு மெத்தென்று உப்பியிருக்கும். ஆண் மீனின் பக்கத் துடுப்பைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் பால் மாதிரி வரும். தடவிப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஈரக்கையால் மட்டும்.

ஊசி போடுவதைப் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம். மீனை ஈரத்துணியிலோ கைவலையிலோ சுற்றிப் பிடித்துக்கொண்டு, செதிலுக்கு அடியில் சரித்துக் குத்துவார்கள். பிட்யூட்டரி அரைக்கிற வேலை பெரும்பாலும் போய்விட்டது, இப்போது தயார் நிலையில் மருந்து புட்டியில் வருகிறது. பெண் மீனுக்குக் கிலோ எடைக்கு அரை மில்லிக்கு மிஞ்சாது, ஆணுக்கு அதிலும் குறைவு. வயதான பணியாளர் யாராவது இருந்தால் சுரப்பி எடுத்த காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மீன் தலையைக் கத்தியால் திறந்து, சுரப்பி நசுங்காமல் எடுத்து, சாராயத்தில் போட்டுக் குப்பியில் வைத்துக்கொண்ட கதை வரும். இந்தக் குப்பிகளையும் அரைக்கும் கண்ணாடிக் குழாயையும் பழைய பதிவேட்டையும் ஓர் அறையில் எடுத்து வைத்தாலே போதும், அதுவே அருங்காட்சியகம். யாரும் செய்யவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அப்புறம் வட்டத் தொட்டிகள். நான் அதிக நேரம் நிற்கிற இடம் இது, நீங்களும் நில்லுங்கள். பெரிய வட்டத் தொட்டி ஒன்று, சிறிய வட்டத் தொட்டிகள் சில. சீன முறை என்பார்கள். அடித்தரையில் வாத்து மூக்கு மாதிரி வளைந்த குழாய் வாய்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவற்றின் வழியே தண்ணீர் பீய்ச்சும்போது தொட்டித் தண்ணீர் முழுவதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். ஆற்றின் ஓட்டத்தை வட்டமாக வளைத்து ஒரு தொட்டிக்குள் அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். ஊசி உடம்பை ஏமாற்றுகிறது, இந்த ஓட்டம் கண்ணையும் துடுப்பையும் ஏமாற்றுகிறது.

பெரிய தொட்டியில் ராத்திரி முட்டையிட்டதும் தண்ணீரோடு முட்டைகள் குழாய் வழியாகச் சிறிய தொட்டிக்கு வந்துவிடும். அங்கேயும் தண்ணீர் ஓய்வதில்லை. கெண்டை முட்டை அடியில் படிந்தால் மூச்சு முட்டிச் சாகும். நடுவில் நிற்கும் வலைச்சுவர் வழியே தண்ணீர் மட்டும் வெளியேறும், முட்டை தங்கிவிடும். ஊறவைத்த ஜவ்வரிசி கொதிநீரில் புரள்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீனுக்கு லட்சத்துக்கும் மேல் முட்டை.

இப்போது வெள்ளைத் தட்டை எடுங்கள். பணியாளரிடம் சொல்லி ஒரு குவளை தண்ணீர் அள்ளித் தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்திருப்பது உயிருள்ள முட்டை, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருப்பது கருக்கூடாதது. தெளிந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே ஒரு காற்புள்ளி தெரியும். நேரம் கூடி வந்திருந்தால் அந்தக் காற்புள்ளி திடுக்கென்று துள்ளும். எங்கள் அக்கா மகன் இரண்டாவது தடவை வந்தபோது இதைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில், பக்கத்துத் தொட்டிக்காரர் ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார். சித்திரை மாதக் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

நம் ஊர் வெப்பத்தில் பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரத்துக்குள் முட்டை பொரியும். பொரித்த குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கருப் பையே சாப்பாடு. மூன்று நாள் அதிலேயே ஓடிவிடும். மூன்றாம் நாள் முடிவில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் நீளத்தில், இரண்டு கறுப்புக் கண்ணும் ஒரு நூலுமாக இருப்பதற்கு நுண்மீன் குஞ்சு என்று பெயர். இதை எண்ணி விற்க முடியாது. சிறிய வடிகட்டிக் கிண்ணத்தால் அளந்துதான் லட்சக் கணக்குப் போடுவார்கள்.

இந்த மூன்று நாளும் தண்ணீர் நிற்கக்கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஆள் வேண்டும். வலைச்சுவரில் முட்டைத்தோல் அடைத்தால் தண்ணீர் நிரம்பி வழிந்து குஞ்சும் போய்விடும், அதைத் தேய்த்துவிட ஆள் வேண்டும். அந்த அண்ணன் சொன்ன ‘ராத்திரி பூரா பாத்துக்கிட்டு இருந்தது’ இதைத்தான்.

கட்லா, ரோகு இடத்தில் தாய்ப்பாசம் தேடிப் பயனில்லை. ஆனால் எல்லா மீனும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். விரால் தன் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே காவல் சுற்றும். கண்மாய் ஓரம் சிவப்பாக ஒரு கொத்து தண்ணீரில் நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அது விரால் குஞ்சு, கீழே பெரியது இருக்கிறது என்று அர்த்தம். ஜிலேபி மீன் இன்னும் ஒரு படி மேல், முட்டையையே வாய்க்குள் வைத்துப் பொரிக்கும், ஆபத்து என்றால் குஞ்சுகளைத் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த அந்நிய மீன் அது. வாயில் வைத்து வளர்க்கிற அந்தப் பாசம்தான், இன்றைக்கு ஜிலேபி இல்லாத கண்மாயே இல்லை என்கிற அளவுக்கு அதைப் பெருக்கி, மற்ற மீன்களுக்குத் தொந்தரவாகவும் ஆக்கியிருக்கிறது. சாதாக்கெண்டைக்கு ஒட்டுகிற முட்டை. பாசியைக் கட்டித் தொங்கவிட்டால் அதில் ஒட்டிவிடும். அதற்கு இந்த வெள்ளமெல்லாம் வேண்டாம்.

மண் குளங்கள்

தொட்டியைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். நாற்றங்கால் குளத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். நாற்றங்கால் என்ற சொல்லே வயலிலிருந்து வந்ததுதான், வேலையும் அதே வேலை. குஞ்சு விடுவதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்குப் போடுவார்கள். அதில் உள்ள நஞ்சு வேண்டாத மீனைக் கொல்லும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முறிந்து உரமாகிவிடும். நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்துக் குளித்த அதே இலுப்பைப் புண்ணாக்கு. அதற்கு மேல் சாணிக்கரைசல். சாணியைக் குஞ்சு தின்பதில்லை. சாணி போட்ட தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்னும். தண்ணீர் பழுப்பு கலந்த பச்சையாக இருந்தால் இரை இருக்கிறது என்று பொருள். முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி, பளிச்சென்று தெரிந்தால் சாப்பாடு போதாது.

இரண்டு மூன்று வாரத்தில் அரை விரல்கூட இல்லாத இளம் குஞ்சு. இன்னும் இரண்டு மூன்று மாதம் வளர்த்தால் விரலளவு. நூலாக உள்ளே விட்டதில் பாதி தேறினாலே நல்ல பண்ணை. தும்பிப் புழுவிலிருந்து கொக்குவரை எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. கொக்கைப் பற்றிச் சொன்னதும் பொற்றாமரைக் குளம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு நாரை தவமிருந்து, தனக்கும் தன் இனத்துக்கும் ஆசை வராமலிருக்க இந்தக் குளத்தில் மீனே இருக்கக்கூடாது என்று வரம் வாங்கியதாகத் திருவிளையாடல் கதை. பண்ணைக் கொக்குகளுக்கு அவ்வளவு பக்குவம் போதாது, அதனால்தான் குளத்துக்கு மேலே வலை.

பண்ணையில் அயிரை எங்கே என்று கேட்டுவிடாதீர்கள், மதுரைக்காரர்கள் எல்லாரும் கேட்பதாம். நாம் குழம்புக்கு உயிரோடு வாங்கிப் பாலில் விட்டெடுக்கிற அயிரை பெரும்பாலும் கண்மாயிலும் வாய்க்காலிலும் தானாக வருவது. மேலூர்ப் பக்கம் கோடையில் நடக்கிற மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்கிற கூடையைக் கவிழ்த்துக் கட்லா பிடிக்கிறார்களே, அந்தக் கட்லாதான் இங்கே பொரித்தது போன்ற ஏதோ ஒரு பண்ணைக் குஞ்சு.

சாப்பாடு, அணை

மதியம் ஆகிவிடும். அணைப் பக்கத்தில் மீன் வறுத்துத் தரும் கடைகள் உண்டு. காலையில் அந்தக் காற்புள்ளியைப் பார்த்துவிட்டு மதியம் வறுவல் சாப்பிடக் குழந்தைகள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. பூங்காவில் கொஞ்சம் நடக்கலாம். அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடிவரை. அணைக்குப் போவோர் எல்லாரும் பார்ப்பது இதைத்தான் என்பதால் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

குஞ்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு

வீட்டுக் கிணற்றிலோ தோட்டத்துக் குட்டையிலோ விட ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் குஞ்சைப் பயணத்துக்குப் பழக்கி வைத்திருப்பார்கள். பழக்குவது என்றால் முந்தின நாளே பிடித்து, சிறு தொட்டியிலோ வலைக்கூண்டிலோ நெருக்கமாக, இரை போடாமல் வைப்பது. வயிறு காலியாக இருந்தால்தான் பைக்குள் கழிவு சேர்ந்து தண்ணீர் கெடாது. அன்றைக்கே குளத்திலிருந்து அள்ளிக் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் வழியில் பாதி போய்விடும்.

பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். வாயை முறுக்கி ரப்பர் போட்டுக் கட்டுவார்கள். வங்காளத்து ரயிலில் ஓர் ஆள் பானை ஆட்டிய வேலையை இந்தக் காற்று செய்கிறது. அரை நாள் தாங்கும், வெயில் படாமல் இருந்தால். பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஈரச்சாக்கு சுற்றிக் காலடியில் வையுங்கள். ஆண்டிபட்டியில் டீ குடிக்க இறங்கினால் பையும் கூட இறங்கட்டும்.

குட்டைக்கு வந்ததும் பையைப் பிரித்துக் கொட்டிவிடக்கூடாது. கட்டிய பையை அப்படியே தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும். பிறகு வாயை அவிழ்த்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, பையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் நகராது. அப்புறம் ஒன்று வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போகும். பிறகு நாலைந்து சேர்ந்து போகும். கடைசிக் குஞ்சு வெளியேறும்வரை பையைப் பிடித்தபடி நிற்க வேண்டும், கால் மரத்துப் போனாலும்.